பதினெட்டாம் தேதிக் கூரை

படகிலிருந்து இறங்குகிற வெளிநாட்டுக்காரனின் முகத்தையும் செருப்பையும் பார்த்தால் போதும், அவன் எதற்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்று சொல்லிவிடுவேன். பதினேழு வருஷமாக எங்கள் தீவின் படகுத்துறையில் இதுதான் என் வேலை. ஏரியில் மூன்றரை மணி நேரம் குலுங்கி வந்து இறங்குகிறவர்களை எந்தெந்த வீட்டில் தங்கவைப்பது என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். வீடுகள் முறைவைத்துத்தான் என்றாலும், ஆளுக்கேற்ற வீடாகப் பார்த்து அனுப்பினால்தான் மறுநாள் சிரித்த முகத்தோடு படகேறுவார்கள்.

பிரெஞ்சுக்காரர்களுக்குச் சமையல்கட்டில் உட்கார்ந்து வம்பளக்க ஆள் வேண்டும். கொரியாக்காரர்களை நாலு வீட்டுக்குப் பிரித்தால் முகம் தொங்கிவிடும். எட்டுப் பேரும் ஒரே வீட்டில் இடித்துக்கொண்டு படுத்தால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். தலைநகர் லீமாவிலிருந்து வருகிற நம் நாட்டுக்காரர்களுக்கு வெந்நீர் வேண்டும், சிக்னல் வேண்டும், இரண்டும் இல்லை என்று திட்டுவதற்கு ஒரு ஆளும் வேண்டும். ஜெர்மானியர்களுக்கு எதுவுமே வேண்டாம். அவர்களோடு உள்ள கஷ்டமே அதுதான். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், டிவி வேண்டாம், தகரக் கூரை வேண்டவே வேண்டாம். நம் பாட்டன் பூட்டன் எப்படி இருந்தார்களோ அப்படியே நாம் இருந்து காட்ட வேண்டும்.

இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்து வைத்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஹிமேனா என்ற பெண் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்து இதற்குப் படிப்பு முத்திரையே குத்திவிட்டாள். ஆறு மாதம் துறையில் என் பக்கத்தில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் நாலு பக்கக் கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னாள். நீங்கள் ஏன் வந்தீர்கள், உங்கள் ஊரில் எதை மதிப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியுமா என்றெல்லாம் கேள்விகள். போவதற்கு முன் பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டி ஒரு பெரிய படத்தைச் சுவரில் ஒட்டினாள்.

“தனித்தனியா வாழப் பழகின நாட்டுக்காரங்க இங்க வர்றது, நீங்க சேந்து வாழறதைப் பாக்கத்தான். சேந்தே வாழறவங்க வர்றது, தங்களோட ஆளுங்களோட ஓய்வா இருக்க. எது கெடைக்கலையோ அதைத் தேடித்தான் நிறைய பேர் பொறப்படறாங்க,” என்றாள்.

எங்கள் சுற்றுலாக் கமிட்டித் தலைவர் காசிமிரோ, என் மனைவியின் அண்ணன், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “அப்ப நாம ஒண்ணா உருளைக்கெழங்கு தோண்டுறதைப் பாக்கவா இவனுங்க ரெண்டு நாள் பறந்து வர்றானுங்க?”

“ஆமா, அப்படித்தான் எழுதியிருக்காங்க.”

“முன்னாடியே சொல்லியிருந்தா தோண்டிக்கிட்டே இருந்திருப்போமே!”

ஊரே சிரித்தது. இது சராசரிக் கணக்கு, ஒவ்வொரு ஆளையும் இதை வைத்து எடைபோடாதீர்கள் என்று அந்தப் பெண் கடைசியில் ஏதோ சொன்னாள். அதற்குள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்த இடத்தைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

அவள் விட்டுப்போன தாள்களை நான் அட்டை போட்டு வைத்துக்கொண்டேன். கமிட்டிக் கூட்டங்களில் எடுத்து வாசிப்பேன். “நம்ம டாக்டர் என்ன சொல்றாரு?” என்று கேலியாகக் கேட்பார்கள், ஆனால் கேட்பார்கள். எனக்கும் அந்தப் பட்டம் பிடித்துத்தான் இருந்தது. என் யோசனைப்படி, கூட்டு வேலை செய்வதை விருந்தாளிகளுக்குக் காட்டத் தொடங்கினோம். தொரீபியோவின் வயலோரக் கற்சுவரை ஒரு மழைக்காலத்துக்கும் அடுத்த மழைக்காலத்துக்கும் இடையில் நாலு தடவை கட்டினோம். படகு போனதும் பிரித்து வைப்போம், அடுத்த கூட்டம் வந்ததும் பாட்டோடு கட்டுவோம். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு வெள்ளைக்காரி அழுவாள். தொரீபியோ மட்டும், “என் செவுத்துக்கு எப்பய்யா ஓய்வு குடுப்பீங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

நவம்பர் ஏழாம் தேதி மத்தியானம் ஆலங்கட்டி மழையோடு ஒரு காற்று அடித்தது. என் தங்கை எர்மினியாவின் வீட்டுத் தகரக் கூரையை மொத்தமாகப் பெயர்த்து ஏரிக்குள் கொண்டுபோய்ப் போட்டது. இரண்டு தகரம் மட்டும் கசங்கிக் கரை ஒதுங்கியது. மற்ற வீடுகளில் ஓரிரண்டு ஓடு போனதோடு சரி.

அந்த வீட்டுக்குள் அவள் புருஷன் நசாரியோ படுத்திருந்தான். மலைமேல் தங்கச் சுரங்கத்தில் ஒன்பது வருஷம் வேலை பார்த்து, மார்பு நிறையத் தூசியை வாங்கிக்கொண்டு திரும்பியவன். மூன்று வருஷமாக மண்வெட்டி பிடித்ததில்லை. பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுவான். நல்ல மனுஷன். மூச்சு வாங்கும்போதுகூட என்னைக் கிண்டல் செய்வதை விடமாட்டான்.

எங்கள் ஊரில் கூரை போனால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. புல்லோ தகரமோ எடுத்துக்கொண்டு அவரவராக வந்துவிடுவார்கள். வீட்டுக்காரி கஞ்சி காய்ச்சி ஊற்றுவாள், மெல்லுவதற்குக் கோக்கா இலை பரிமாறுவாள், பொழுது சாய்வதற்குள் கூரை ஏறிவிடும். வந்தவன் வீட்டுக்கு வேலை வரும்போது இவள் வீட்டிலிருந்து ஒரு ஆள் போய் அந்த நாளைத் திருப்பித் தர வேண்டும். இதற்கு அய்னி என்று பெயர். அதில் சிக்கல் இதுதான்: நசாரியோ வீட்டிலிருந்து மூன்று வருஷமாக எந்த ஆளும் எந்த வீட்டுக்கும் போகவில்லை. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுநாள் காலை எர்மினியாவின் வாசலுக்கு வந்தவர்கள் ஏழு பேர்தான், அதில் மூன்று பேர் எங்கள் குடும்பம்.

ஏழு பேரே போதும். தொரீபியோ வீட்டுப் பின்னால் புதுத் தகரம் ஆறு சும்மா கிடந்தது, தருகிறேன் என்றான். அன்றைக்கே வேலையை முடித்திருக்கலாம். நான்தான் நிறுத்தினேன்.

“கொஞ்சம் பொறுங்கப்பா,” என்றேன். “பதினெட்டாம் தேதி இருபத்திரண்டு ஜெர்மன்காரங்க வர்றாங்க. கூட்டு வேலை பாக்கணும்னே வர்ற கூட்டம். இன்னொரு தடவை அந்தச் செவுத்தைக் கட்டிக் காட்டுறதா? நெசமான கூரையே இருக்கும்போது?”

அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டோம். நான் எழுந்து நின்று அட்டையைப் பிரித்து வாசித்தேன். பிறகு எனக்குத் தோன்றியதையெல்லாம் சொன்னேன். சுற்றுலா ஏஜென்சியிடம் கேட்டால் அக்கரையிலிருந்து அவர்கள் செலவிலேயே கூரை வேயும் இச்சுப் புல் ஒரு படகு ஏற்றி அனுப்புவார்கள். தகரம் குளிர், புல்லுக்கூரை கதகதப்பு, நசாரியோவின் நெஞ்சுக்கு நல்லது. இது கமிட்டி வேலை என்று ஆகிவிட்டால் எர்மினியா யாருக்கும் நாள் திருப்பித் தர வேண்டாம். இதைச் சொன்னபோது கூட்டத்தில் பல முகங்கள் தெளிந்தன. எனக்கு இரட்டைச் சந்தோஷம். தங்கைக்கு ஒரு நல்லது, தீவுக்கு ஒரு நல்லது, இரண்டையும் ஒரே பேச்சில் முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“பத்து நாள் எப்படிய்யா ஓட்டுவா?” என்று தொரீபியோ கேட்டான்.

“நீலப் பிளாஸ்டிக் இருக்கே. இழுத்துக் கட்டிட்டா போதும்,” என்றார் காசிமிரோ. “மாப்ளே, ஏஜென்சிக்கு நீயே போன் போட்ரு.”

எல்லாக் கைகளும் உயர்ந்தன. எர்மினியாவின் கையும். அண்ணன் சொல்கிறானே என்று தூக்கினாள்.

நீலப் பிளாஸ்டிக்கைக் கட்டினோம். பகலில் உள்ளே எல்லாம் நீலமாகத் தெரிந்தது. நசாரியோ படுத்தபடி, “மச்சான், ஏரிக்கு அடியில குடிவெச்சுட்டியே,” என்றான். சிரித்துவிட்டு அதற்கு இரண்டு மடங்கு இருமினான்.

மூன்று நாள் மழை இல்லை. நாலாவது நாள் பிடித்துக்கொண்டது. பிளாஸ்டிக்கின் நடுவில் தண்ணீர் தொங்கும். எர்மினியா துடைப்பக் கட்டையால் கீழிருந்து முட்டிக் கொட்டுவாள். காற்று வந்தால் ஓரம் கிழிந்து மழை நேராகக் கட்டிலில் விழும். அவள் படகுத்துறைக்கே என்னைத் தேடி வந்தாள். முழங்கால் வரை சேறு.

“அண்ணே, எனக்குப் புல்லு வேண்டாம். நாலு பேரை அனுப்பு. தொரீபியோ தகரம் தர்றேங்கறாரு. அரை நாள் வேலை.”

“இன்னும் ஏழு நாள்தான்டி. இப்பத் தகரத்தை அடிச்சிட்டு, அவங்க வர்றப்ப பிரிக்கவா? புல்லு ஏத்தியாச்சுன்னு ஏஜென்சியில சொல்லிட்டாங்க.”

“அவருக்கு ராத்திரியெல்லாம் குளுருது.”

“எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வா. சமையல்கட்டுல படுத்துக்கட்டும்.”

“உங்க சமையல்கட்டு பூரா புகை. அவருக்கு அது ஆவாது. உனக்குத் தெரியாதா?”

தெரியும். அவள் கேட்காமல் விட்டது எது என்பதும் தெரியும். எங்கள் வீட்டு மாடியில் விருந்தினர் அறை இருக்கிறது. பலகைத் தரை, நல்ல கதவு, மூன்று கம்பளி, புகை ஏறாது. அந்த வாரம் காலியாகத்தான் கிடந்தது. ஆனால் விருந்தினர் அறையில் வீட்டு ஆட்கள் படுத்தால் அடுத்த முறைக்கு விருந்தாளி கிடையாது என்று கமிட்டி விதி, அதை எழுதியவர்களில் நானும் ஒருவன். பதினெட்டாம் தேதி அந்த அறைக்கு ஆள் வர வேண்டும். நோயாளியின் வாசனை போகுமா என்று யோசித்தேன். ஆமாம், அப்படித்தான் யோசித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேற்றில் திரும்பி நடந்தாள்.

பதினாலாம் தேதி ஆலங்கட்டி மறுபடியும் விழுந்தது. நசாரியோவுக்குக் காய்ச்சல் ஏறியது. சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கரையில் இருந்தாள். ஏரியில் அலை அடங்காமல் படகு விட முடியவில்லை. பதினைந்தாம் தேதி காலை, நான் முன்யா தழை கொதிக்கவைத்த மருந்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனபோது எர்மினியா கட்டிலின் மேல் ஏறி நின்று, கிழிந்த பிளாஸ்டிக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கீழே நசாரியோ செத்துப்போயிருந்தான். அவளுக்கு அது தெரிந்திருந்தது. ஆனாலும் அவன்மேல் மழை விழக் கூடாது என்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாவுக்கு ஊரே வந்தது. மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு வந்தது, மெழுகுவத்தி வந்தது, கோக்கா இலை வந்தது. இளவட்டங்கள் கம்பு கொடுத்துப் பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பிடித்தார்கள். கை வலித்தால் அடுத்தவன் மாற்றிக்கொண்டான். பெட்டியை மேட்டுக் கல்லறைக்குத் தூக்கிப் போகத் தோளுக்குப் பஞ்சமே இல்லை. தங்கை நாலு பேர் கேட்டாள். நாங்கள் நூற்றுப்பத்துப் பேர் போனோம். கூட்டத்தில் யாருக்குமே அந்தக் கணக்கு உறைக்கவில்லையா, உறைத்தும் என்னைப் போல வாயை மூடிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்து இறங்கும்போது காசிமிரோ என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். அழுது அவர் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நிஜமான அழுகைதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

“மாப்ளே, நாளன்னைக்கு பதினெட்டு.”

“தெரியும் மச்சான்.”

“வேற வீடு பாக்கலாமா?”

“வேற எந்த வீட்ல கூரை இல்ல?”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். “புல்லு வந்து எறங்கிருச்சு. அவளுக்கும் கூரை வேணும்ல? நீயே பக்குவமாச் சொல்லு. அப்புறம், வர்றவங்ககிட்ட இந்தச் சாவைப் பத்தி... பாவம், மனசு ஒடிஞ்சு போயிருவாங்க.”

பக்குவமாகச் சொல்வதற்கு என்ன இருக்கிறது? போனேன், சொன்னேன். எர்மினியா ஈரக் கம்பளியைப் பிழிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “போடுங்க. மழை பெய்யுதில்ல,” என்றாள்.

பதினெட்டாம் தேதி வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. இருபத்திரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். ஊரே நல்ல துணி உடுத்தி, புல்லாங்குழல், மத்தளம் என்று எர்மினியா வீட்டு முன்னால் நின்றது. வரிசையாக நின்று புல்லுக்கட்டைக் கைமாற்றினோம். எங்கள் ஆள் ஒருவர், அவர்கள் ஆள் ஒருவர், மறுபடி எங்கள் ஆள் ஒருவர். ஒரு கட்டு கீழே விழுந்தாலும் சிரிப்பு. கழுத்தில் புல் குத்தினாலும் சிரிப்பு. எர்மினியா தலையிலிருந்து கால் வரை கறுப்பு உடுத்தி அண்டா அண்டாவாகக் கஞ்சி ஊற்றினாள். அந்தக் கறுப்பு இங்கே பெண்களின் உடையா என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். வீட்டுக்காரர் எங்கே என்று இன்னொருத்தி கேட்டாள். மேலே வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிக் கல்லறை மேட்டுப் பக்கமே கை காட்டினேன். அதை எப்படிச் செய்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். வாய் பழகியிருந்தது, கையும் பழகியிருந்தது.

மூன்று மணிக்கெல்லாம் கூரை முடிந்தது. அப்படி ஒரு கூரை இந்தத் தீவில் இப்போது எந்த வீட்டுக்கும் கிடையாது. ஒரு முழக் கனம். கடைசியில் முகட்டில் சிலுவை வைக்க ஒரு ஞானத்தகப்பன் வேண்டும். சிலுவை வைக்கிறவன் அந்த வீட்டுக்கு ஆயுசுக்கும் உறவு, நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்க வேண்டியவன். கமிட்டி முன்கூட்டியே பேசிவைத்தபடி, கூட்டத்தில் மூத்தவரான ஹோல்கரை ஏணியில் ஏற்றினோம். எழுபது வயது, ஓய்வுபெற்ற தபால்காரர். இங்கே வருவதற்காகவே இரண்டு வருஷம் ஸ்பானிஷ் படித்தவர். சிலுவையை நட்டுவிட்டு ஏணியைப் பிடித்து மெதுவாக வந்தார்.

இறங்கி நேரே எர்மினியாவிடம் போனார். என்னையும் கூப்பிட்டார், எங்கள் கெச்சுவா மொழியில் சொல்லச் சொன்னார்.

“நான் இருக்கிற கட்டடத்துல நாற்பது வீடு,” என்றார். “என் வீட்டுக்கு நேர் மேல ஒருத்தர் இருந்தாரு. பதினோரு வருஷம் அவர் காலடிச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. ஒரு நாள் நின்னு போச்சு. வெளியூர் போயிருப்பாருன்னு நெனச்சேன். மூணு வாரம் கழிச்சுக் கதவை ஒடச்சாங்க. அன்னைக்குத்தான் அவர் பேரே எனக்குத் தெரிஞ்சுது.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மனுஷங்க மனுஷங்களைக் கைவிடாத எடம் ஒண்ணு எங்கயாவது இருக்கான்னு, சாகுறதுக்குள்ள பாக்கணும்னு வந்தேன். இன்னைக்குப் பாத்துட்டேன். இந்த அம்மா குடுத்துவெச்சவங்க. அதைச் சொல்லுங்க அவங்ககிட்ட.”

துறையில் நின்று எத்தனையோ ஆயிரம் பேரை எடைபோட்டிருக்கிறேன். இந்த மனுஷனைப் பார்த்து எனக்கு இளக்காரமாக ஒன்றும் நினைக்க வரவில்லை. அவர் தேடிவந்தது உண்மை. அழுததும் உண்மை. ஹிமேனாவின் தாள்களை வைத்து நான் சொன்ன ஆருடமும் அச்சுப் பிசகாமல் பலித்திருந்தது.

கெச்சுவாவில் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். எர்மினியா அகப்பையை அண்டாவில் வைத்துவிட்டு அவரை நன்றாகப் பார்த்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

“அடுத்த தடவை பத்து நாள் முன்னாடியே வரச் சொல்லு அண்ணே. அவங்க வந்தாத்தான் நம்ம ஊரு ஒண்ணு கூடுது.”

ஹோல்கர் ஈரக் கண்ணோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் காசிமிரோ நின்றார், தொரீபியோ நின்றான், ஊரே நின்றது. மத்தளக்காரன்கூட அடிப்பதை நிறுத்தியிருந்தான்.

“உங்களுக்கு ரொம்ப நன்றி சொல்றா,” என்றேன் ஸ்பானிஷில். “அடுத்த தடவையும் வரணுமாம்.”

ஹோல்கர் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். மத்தளம் மறுபடி தொடங்கியது.

எர்மினியாவுக்கு அந்த அளவுக்கு ஸ்பானிஷ் தெரியும். கையை மெதுவாக உருவிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“இந்த வேலை உனக்கு நல்லா வருது,” என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.